நீதிபதி நாற்காலியில் ஒரு 'ம்'

ஒருவர் கதைக்கும்போது எதிரே இருந்து 'ம்' கொட்டுவதற்கென்று ஒரு உத்தியோகம் இருந்தால், சம்பளமில்லாமலே அதை முழுநேரமாகப் பார்த்தவர் அன்ரி. நொர்வேயில் ரொம்மன் என்ற இடத்தில் எங்கள் கட்டடத்தின் அடுத்த வாசலில் இருந்தவர். என் அம்மாவின் சிநேகிதி, அதனால் எனக்கு அன்ரி. வேலை ஸ்டோவ்னரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். சமையலுக்குத்தான் அவரை எடுத்தார்கள். ஆனால் அங்கிருந்த கிழவர்களும் கிழவிகளும் அன்ரி வந்து பக்கத்தில் நின்றால்தான் கரண்டியைத் தொடுவார்களாம். கப்பலில் போனது, பெண்சாதி விட்டுப்போனது, பிள்ளைகள் எட்டிப் பார்க்காதது, எல்லாக் கதையும் அன்ரிக்குத்தான். அன்ரியின் நொர்வேஜிய மொழி அப்படியொன்றும் விசேஷமில்லை. இந்த வேலைக்கு அது தேவைப்படவும் இல்லை.

வெறும் 'ம்' என்றும் சொல்லிவிட முடியாது. தலை மெல்ல ஆடும். துக்கமான இடம் வந்தால் நாக்கைத் தட்டி ஒரு 'இச்' வரும். இடையில் ஒரு "பிறகு?" வரும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு கல்லையும் கதைக்க வைத்துவிடுவார்.

ஒருமுறை குறொன்லாண்டுக்கு மரக்கறி வாங்க இருவரும் சுரங்க ரயிலில் போனோம். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் தன் நாய்க்கு வருத்தம் வந்த கதையைத் தொடங்கினார். அன்ரி 'ம்' என்றார். அவ்வளவுதான். குறொன்லாண்ட் வந்தது, நான் எழும்பினேன், அன்ரி எழும்பவில்லை. கதவு மூடி, இன்னும் இரண்டு தரிப்பிடம் தள்ளிப் போய் இறங்கினோம். எனக்குக் கோபம்.

"அந்தாள் நாயை இன்னும் புதைக்கேல்லை, தம்பி. நடுவிலை எழும்பி வாறதோ?" என்றார்.

அந்த 'ம்'மை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. அவருடைய புருஷனே ஒருவர். "இவவின்ரை 'ம்'மை நம்பித்தான் நான் காரை மாத்தினனான். காசு கட்டி வீட்டை கொண்டுவந்து நிப்பாட்டின பிறகு சொல்லுறா, எனக்கு முதலே விருப்பமில்லை எண்டு" என்று யார் வந்தாலும் முறைப்பாடு வைப்பார். அன்ரி அதற்கும் தலையாட்டிக்கொண்டு இருப்பார்.

நானும் ஒருநாள் நேரே பார்த்தேன். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வந்து, கொழும்பில் தான் கட்டுகிற மாடி வீடு, அமைச்சர் வீட்டில் தான் சாப்பிட்ட சாப்பாடு என்று பின்னேரம் முழுக்க அளந்துகொண்டிருந்தார். அன்ரி ஒரு இடத்திலும் சலிக்காமல் 'ம்' கொட்டினார். அவர் போய்க் கதவு சாத்தியதும், "அவ்வளவும் புளுகு" என்றார்.

"பிறகேன் அன்ரி ம் கொட்டினனீங்கள்?"

"கதைக்கிற ஆளுக்கு, கேக்க ஒரு ஆள் இருக்குதெண்டு தெரிய வேணுமெல்லோ. நம்பிறதும் நம்பாததும் என்ரை பாடு."

எனக்கு அது விசித்திரமாக இருந்தது. நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். எங்கள் வேலையில் முதலில் பழகுவது முகத்தைத்தான். படத்தில் என்ன தெரிந்தாலும், "முடிந்தது, உடுப்பைப் போடலாம்" என்று சொல்லுகிற ஒரே முகம். நோயாளி என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடித்துவிடக் கூடாது. அந்த முகத்தை நான் வீட்டுக்கும் கொண்டுவருவதாக மனைவி சொல்லுவாள். உள்ளே பயந்து சாகிறவன் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

நொர்வேயில் குற்ற வழக்கு நடக்கும்போது சட்டம் படித்த நீதிபதி நடுவில் இருப்பார். அவருக்கு இரண்டு பக்கமும் பொதுசனத்திலிருந்து எடுத்த இருவர் இருப்பார்கள். மெடொமர் என்று பெயர். ஆசிரியராக இருக்கலாம், பாண் போடுகிறவராக இருக்கலாம், சட்டம் தெரியத் தேவையில்லை. ஆனால் குற்றவாளியா இல்லையா என்பதில் மூவருடைய வாக்குக்கும் ஒரே கனம். இருவர் ஒருபக்கம் நின்றால் நடுவில் இருக்கிற நீதிபதியே தோற்றுப்போவார்.

அதற்கு நகரசபையில் பெயர் கொடுத்தவர் அன்ரி. தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலில் என்னையும் பிடித்துக்கொண்டார்.

"நான் அகதியா வந்து இறங்கேக்கை, மேசைக்கு அங்காலை இருந்துகொண்டு எல்லாரும் என்னைக் கேள்வி கேட்டவை. ஒருக்கால் எண்டாலும் மேசைக்கு மற்றப் பக்கம் இருக்க வேணும் தம்பி. நீங்களும் பேரைக் குடுங்கோ."

அன்ரிக்கு மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. கொடுத்தேன். ஒரு மாரிகாலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே வழக்கில் அழைப்பு வந்தது. உறவென்றால் விடமாட்டார்கள், அயல் என்றால் பரவாயில்லை. அன்ரி மெடொமர். நான் மாற்றாள். சளிக்காய்ச்சல் காலம், மருத்துவ சாட்சிகள் பலர், வழக்கு இழுபடும் என்பதால் ஒரு ஆளைக் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். எனக்குப் பெரிய நிம்மதி. பக்கத்து மேசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்கலாம், ஒன்றையும் முடிவு செய்யத் தேவையில்லை. நாற்காலியில் இருக்கிற ஒருவர் விழுந்தால் மட்டும் நான் ஏற வேண்டும். யாரும் விழக்கூடாது என்று நல்லூர்க் கந்தனை மனதில் நினைத்துக்கொண்டுதான் முதல் நாள் போனேன்.

அன்ரி சாம்பல் நிறத்தில் ஒரு புதுக் கோட்டு வாங்கியிருந்தார். குறொன்லாண்டில் மரக்கறிக் கடைக்காரர் முதல் கோயில் ஐயர் வரை எல்லாருக்கும் விஷயம் தெரியும். தலைமை நீதிபதி மெலிந்த, மரியாதையான பெண். தொடங்குமுன் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "சாட்சிகள் பேசும்போது நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது முகத்தில் தெரியக் கூடாது. தலையாட்டக் கூடாது, குரல் எழுப்பக் கூடாது" என்றார்.

"ம்" என்று தலையாட்டினார் அன்ரி.



வழக்கு இதுதான். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் எல்லாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கிற அறை. யாருக்கு எந்த நேரம் மெஷின் என்பதில் ஒரு கிழவிக்கும், மேல்மாடியில் தனியாக இருந்த ஐம்பது வயது மனிதருக்கும் நெடுநாள் சண்டை. ஒரு நாள் நிலவறைப் படிக்கட்டில் இருவருக்கும் வாய்த்தர்க்கம். கிழவி கீழே விழுந்து இடுப்பு உடைந்தது, தலையிலும் காயம். அவர் தள்ளினார் என்கிறார் கிழவி. கிழவி கால் தடக்கினார், நான் பிடிக்கத்தான் கையை நீட்டினேன், விழுந்ததும் பயத்தில் மேலே ஓடிவிட்டேன் என்கிறார் மனிதர். வேறு சாட்சி கிடையாது. ஒரு கை நீண்டது என்பதில் இருவருக்கும் சம்மதம். அது தள்ளப் போன கையா, பிடிக்கப் போன கையா என்பதுதான் எல்லாம்.

கிழவியின் இடுப்பு எக்ஸ்ரேயைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். எலும்பு எங்கே முறிந்தது என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது. ஏன் விழுந்தார் என்று படத்தில் இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் முதலில் பேசினார். தண்டவாளம் திருத்துகிற வேலை, பெரிய உடம்பு, சின்னக் குரல். மேசையைப் பார்த்து முணுமுணுத்தார். வழக்கறிஞர் இரண்டு தரம் உரக்கப் பேசச் சொன்னார். பிறகு எப்படியோ நிமிர்ந்து பார்த்தவர் அன்ரியைக் கண்டார். நீதிபதியின் முகம் சுவர். மற்ற மெடொமர், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், அவருடைய முகமும் சுவர். அன்ரியின் தலை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் அன்ரியைப் பார்த்தே பேசத் தொடங்கினார். தாய் செத்தது, அதன்பிறகு வீட்டுக்கு யாரும் வராதது, உடுப்புத் தோய்க்கிற நாளில் மட்டும்தான் கட்டடத்தில் யாரோடாவது ஒரு வார்த்தை பேசுவது, அதுவும் சண்டையாக. கேட்காததெல்லாம் சொன்னார். அவருடைய வழக்கறிஞர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

இடைவேளையில் நான் அன்ரியைக் கூடத்தின் ஒரு மூலைக்குக் கூட்டிப்போனேன். "அன்ரி, தலை ஆடுது."

"ஐயையோ, ஆடினதோ? எனக்குத் தெரியேல்லையே."

மற்ற நாள் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கடதாசிச் சரையை எடுத்துக் காட்டினார். கராம்பு. "வாயிலை ஒண்டை வைச்சிருக்கிறன் தம்பி. கடிச்சால் உறைக்கும். இனி ம் வராது."

அன்று கிழவியின் முறை. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து இருந்தார். நான் கிழவியைப் பார்க்கவில்லை. அன்ரியின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கராம்பு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவது வெளியே தெரிந்தது. தலை ஒருமுறை ஆடப் பார்த்து நின்றது. பிறகு 'இச்' என்று ஒன்று, பல்லி சொல்கிறமாதிரி. நீதிபதி திரும்பிப் பார்த்தார். மத்தியானம் அன்ரியைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார்.

வீட்டுக்குப் போகிற ரயிலில் அன்ரியின் முகம் விழுந்து போயிருந்தது.

"அவ மரியாதையாத்தான் சொன்னவ. இன்னொருக்கால் எண்டால் தனக்கு வேறை வழி இல்லையாம். ஆனா தம்பி, ஒரு மனிசர் தன்ரை நோவைச் சொல்லேக்கை செத்த மீன் மாதிரிப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? அது அவையை அவமதிக்கிறதெல்லோ?"

"மேசையைப் பாருங்கோ அன்ரி. நான் வேலையிலை அப்பிடித்தான். திரையைத்தான் பாப்பன், ஆளைப் பாக்கிறேல்லை."

"ஆளைப் பாக்காமல் எப்பிடித் தீர்ப்புச் சொல்லுறது?"

எனக்கு என் கவலை. அன்ரி எழும்பினால் அந்த நாற்காலி எனக்கு. முன்பின் தெரியாத ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்புவதா விடுவதா என்று நான் சொல்ல வேண்டி வரும். அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மற்ற நாள் கிழவியைத் திரும்பவும் இருத்தினார்கள். விழுந்த பிறகு என்ன நடந்தது என்று அரச வழக்கறிஞர் கேட்டார். கிழவி அவசரப்படாமல் சொன்னார். நிலவறைத் தரையில் கிடந்தேன், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, என் படுக்கை விரிப்பு அதற்குள் சுத்திக்கொண்டிருந்தது, அது நின்றால் யாராவது வந்து எடுக்கச் சொல்லிக் கதவைத் தட்டுவார்கள் என்று நினைத்தேன், அது நின்றது, யாரும் வரவில்லை. படிக்கட்டில் நடந்ததைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். கிழவி தன் கையைத் தூக்கி, அவர் கை இப்படி வந்தது என்று காட்டினார்.

நான் அன்ரியைப் பார்த்தேன். கராம்பை நறுக்கென்று கடித்தது எனக்குக் கேட்டது.

"ஐயோ, பாவம்" என்றார் அன்ரி. தமிழில். கோயிலில் பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லுகிற சத்தத்தில்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழும்பிவிட்டார். மெடொமர் இப்போது சொன்னது என்ன என்று அறிய விரும்புவதாகச் சொன்னார். அந்த மண்டபத்தில் அது விளங்கிய ஆட்கள் இரண்டு பேர். நீதிபதி அன்ரியைப் பார்த்தார். அன்ரி இருமினேன் என்று சொல்லியிருக்கலாம். தலையிடி என்று சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டாரா என்று நான் தவித்தேன். அன்ரி தன்னுடைய உடைந்த நொர்வேஜிய மொழியில், பாவம் என்று சொன்னேன் என்றார்.

வழக்கறிஞர் நீளமாகப் பேசினார். முதல் நாளிலிருந்தே கவனித்து வருகிறேன், இவர் முறைப்பாட்டுக்காரரின் பக்கம் ஏற்கெனவே சாய்ந்துவிட்டார், இவர் இன்ஹபில் என்றார். தீர்ப்புச் சொல்லும் தகுதியை இழந்தவர் என்று அர்த்தம். அரச வழக்கறிஞர் தோளைக் குலுக்கினார். நீதிபதியும் விளையாட்டு ஆசிரியரும் உள்ளே போனார்கள். அன்ரி மேசைக்கு அந்தப் பக்கம் தனியே இருந்தார், கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் அவரைப் பார்த்தார். பிறகு தன் வழக்கறிஞரின் காதில் ஏதோ சொன்னார். வழக்கறிஞர் இல்லை என்று தலையாட்டினார்.

திரும்பி வந்த நீதிபதி முடிவை வாசித்தார். மெடொமர் மனதில் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார் என்று சொல்லவில்லை, ஆனால் பார்க்கிறவர்களுக்கு அப்படிப்படக் காரணம் இருக்கிறது, அது போதும் என்றார். அன்ரிக்கு நன்றி சொன்னார். அன்ரி எழும்பி, நீதிபதிக்கும் கும்பிட்டு, விளையாட்டு ஆசிரியருக்கும் கும்பிட்டு, படி இறங்கி வந்தார். என் மேசையைக் கடக்கும்போது, "கவனமாக் கேளுங்கோ தம்பி" என்றார். நான் ஏறிப்போய் அந்த நாற்காலியில் இருந்தேன். அதில் இன்னும் சூடு இருந்தது.

என்னுடைய முகத்தை யாரும் குறை சொல்லவில்லை. மிச்ச நாட்களில் அந்தப் பெரிய மனிதர் இரண்டு தரம் பேச எழும்பினார். எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு இருந்துவிட்டார்.

மூடிய அறைக்குள் நாங்கள் என்ன கதைத்தோம் என்று நான் யாருக்கும் சொல்லக்கூடாது, சொல்லவுமில்லை. ஆனால் கருத்து பிரிந்தால் யார் எந்தப் பக்கம் என்று தீர்ப்பிலேயே எழுதுவார்கள், அது எல்லாரும் வாசிக்கலாம். எங்கள் தீர்ப்பு பிரிந்தது. தள்ளினார் என்பது நிரூபிக்கப்படவில்லை, விட வேண்டும் என்றவர் தலைமை நீதிபதி. தள்ளினார் என்றவர்கள் இரண்டு மெடொமர்கள், விளையாட்டு ஆசிரியரும் நானும். இரண்டுக்கு ஒன்று. அவருக்குச் சிறை கிடைத்தது. மேன்முறையீடு செய்யலாம், அவர் செய்யவில்லை. உண்மையில் தள்ளியவர் என்பதாலா, களைத்துப்போய்விட்டாரா என்று நான் யோசிக்காத நாள் குறைவு.

அன்ரியின் கதை ஊரில் வேறு மாதிரி ஓடியது. "அவவைக் கோர்ட்டாலை கலைச்சுப் போட்டினமாம்" என்று குறொன்லாண்டில் கடைக்குள்ளேயே கேட்டேன். என்னிடமே கேட்டார்கள், என்ன செய்தவ என்று. "பாவம் எண்டு சொன்னவ" என்றேன். சிரித்தார்கள். அன்ரி அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். மரக்கறியை ஸ்டோவ்னரிலேயே கூடின விலைக்கு வாங்கினார். முதியோர் இல்லத்திலும் தட்டை வைத்துவிட்டு உடனே உள்ளே போய்விடுகிறாராம். புருஷன் என்னைப் படிக்கட்டில் கண்டு, "வீட்டிலை சத்தமில்லை தம்பி. நான் பாட்டுக்குக் கதைக்கிறன், அவ கேக்கிறாவோ இல்லையோ எண்டு தெரியேல்லை" என்றார். பகிடிக்காரர், அன்று பகிடி விடவில்லை.

பனி கரைந்த பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் அன்ரியின் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், எனக்கு நித்திரை இல்லை, அதனால். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மனதில் பாரம் உள்ளவன் எல்லாம் போகிற வீடு அது. அன்ரி தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். எதிரே இருந்தார். சொல்ல உரிமையில்லாததுதான் சொல்ல வேண்டியதாக இருந்தது.

அன்ரிதான் தொடங்கினார்.

"தீர்ப்பு வாசிச்சனான். மகள் கொம்பியூட்டரிலை எடுத்துத் தந்தவள்."

"ஓம் அன்ரி."

"உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்கள் சொன்னியள். அதிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை." கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தார். "ஆனா நான் இருந்திருந்தால் விட்டிருப்பன், தம்பி."

அந்த வழக்கறிஞர் அன்று மண்டபத்தில் நீளமாகப் பேசி, தன் ஆளைக் காப்பாற்றுவதாக நினைத்து வெளியே அனுப்பியது யாரை என்று அப்போதுதான் விளங்கியது. விளையாட்டு ஆசிரியர் ஒருபக்கம், நீதிபதியும் அன்ரியும் மறுபக்கம். அந்த மனிதர் அன்றே வீட்டுக்குப் போயிருப்பார்.

"அந்த மனிசிக்கு நீங்கள் பாவம் எண்டனீங்களே?"

"பாவந்தானே. நிலத்திலை கிடந்திருக்கிறா. பாவப்பட்டால் நம்பினதெண்டு அர்த்தமோ?" தன் கையை மெல்லத் தூக்கினார். "அவ கையைத் தூக்கி, இப்பிடி வந்தது எண்டு காட்டினவ எல்லோ. அப்ப நான் அந்தாளைப் பாத்தனான். அந்தாளின்ரை கை தன்பாட்டிலை மேசைக்கு மேலாலை நீண்டது. விழப்போற ஆளைப் பிடிக்க எழும்பிற மாதிரி. பிறகு தானே கண்டு இழுத்துக்கொண்டார். அது பிழையாயும் இருக்கலாம். ஒரு கை நீண்டதை வைச்சு என்னத்தைச் சொல்லுறது. ஆனா எனக்கு அது காணும்."

இப்போது அன்ரி ரொம்மனில் இல்லை. மகளோடு பேர்கன் நகரத்துக்குப் போய்விட்டார். எப்போதாவது தொலைபேசியில் கதைப்போம், அந்த வழக்கைப் பற்றி இருவரும் பேச்சு எடுப்பதில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர் என்னைக் கேட்டது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

"நீங்கள் கிட்டத்தானே இருந்தனீங்கள். அந்தக் கையைக் கண்டனீங்களோ, தம்பி?"

"இல்லை அன்ரி. நான் அந்த நேரம் உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"ம்" என்றார் அன்ரி.